அழகம்மாவுக்குச் செய்த சைக்கிள் நாற்காலி

குழந்தையை ஏற்றிப்போக வண்டியில் ஏதாவது மாட்டித் தரும்படி கேட்டு ஒருவர் கடைக்கு வந்தால், எடுத்த எடுப்பில் வண்டியைப் பார்க்காதீர்கள். கம்பியை அளப்பதும் கேரியரை ஆட்டிப் பார்ப்பதும் அப்புறம் ஆகட்டும். முதலில் அந்த மனிதரை உட்கார வைத்து, எந்தக் குழந்தை, எங்கே போகிறது, எதற்காகப் போகிறது என்று கேளுங்கள். முடிந்தால் குழந்தையையும் அதன் தாயையும் வரச் சொல்லுங்கள்.

நீங்கள் எல்லாம் புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள். பஞ்சர் ஒட்டுவதும் சக்கரத்தில் கோட்டம் எடுப்பதும் நாளடைவில் கைக்குப் பழகிவிடும். அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. கை பழகிய பிறகும் தடுமாறுகிற இடங்கள் உண்டு. அப்படி ஓர் இடத்தில் என்னைக் கைப்பிடித்து நடத்தியவர்கள் மூன்று பேர். ஒருவர் செக்கானூரணிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் கொஞ்சம் நிலம் வைத்துப் பிழைத்த விவசாயி, இன்னொருவர் அவருடைய மனைவி, மற்றவர் பெயர்கூட எனக்குத் தெரியாத ஒரு நர்சம்மா. கடையை மகன்களிடம் விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் இந்த வயதில், தொழுகை முடித்து துஆ கேட்கும்போது இந்த மூவரையும் நினைக்காத நாள் குறைவு.

உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. மதுரை மேல வெளி வீதியில் என் சைக்கிள் கடை இருந்தது. கப்பலில் புது வண்டி வருவது நின்றுபோயிருந்தது. டயர், டியூப் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. பழைய வண்டிகளைச் சாகவிடாமல் ஓட்டிக்கொண்டிருப்பதுதான் என் வேலை. போடிக்குப் போய்க்கொண்டிருந்த ரயிலையும் நிறுத்தித் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பெட்ரோல் கிடையாது என்பதால் மேற்கே போகிற பஸ்கள் அடுப்புக்கரியில் ஓடின. ஏற்றம் வந்தால் பஸ் நின்றுவிடும். உள்ளே இருப்பவர்கள் இறங்கித் தள்ளுவார்கள்.

ஒரு நாள் காலை கடை வாசலில் ஒருவர் மெல்ல வண்டியை நிறுத்தி இறங்கினார். வேட்டித் துணியால் ஒரு பெண் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தார். குழந்தைக்கு இரண்டு வயது இருக்கும். வலது காலில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு. பிறக்கும்போதே அந்தப் பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்ததாம். வாரம் ஒரு முறை காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஆஸ்பத்திரியில் புதுக் கட்டுப் போட்டு வந்தார்கள். அவர் பெயர் ஒச்சு. குழந்தை அழகம்மா.

"ராவுத்தரே, இவள உக்கார வைக்க ஏதாச்சும் செஞ்சு தரணும்" என்றார். "மிதிக்க மிதிக்க என் முழங்கால் இவ கட்டுல இடிக்குது. ஓரமெல்லாம் உதிருது. இப்பிடிக் கொண்டாந்தா கால் எப்பிடி நேராகும்னு நர்சம்மா வையுது."

"பஸ்ஸுல வரலாம்லய்யா?"

"பஸ்ஸுலதான் வந்துக்கிட்டிருந்தோம். அம்புட்டுக் கூட்டம். ஒருத்தரு தெரியாம மூட்டைய இவ கால்மேல இறக்கிட்டாரு. கட்டு நொறுங்கி, பிள்ள துடிச்சுப்போச்சு. மாட்டு வண்டின்னா குலுக்கலு தாங்கல. இது மச்சினன் வண்டி. அவன் பட்டாளத்துக்குப் போயிட்டான். இது ஒண்ணுதான் இப்பக் கையில இருக்கு."

வேட்டித் துணியை அவிழ்த்துக் குழந்தையை என் மர ஸ்டூலில் உட்கார வைத்தார். வேட்டியை ஒதுக்கி அவர் முழங்காலைக் காட்டினார். இடித்து இடித்துத் தோல் வழன்று கறுத்திருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. கட்டு உதிர்வது மட்டும்தான் அவருக்கு விசாரம்.

அன்றைக்கு என் மனத்தில் ஓடிய வழிகளைச் சொல்கிறேன். குறுக்குக் கம்பியில் துண்டைச் சுற்றி உட்கார வைப்பதுதான் எல்லோரும் செய்வது. ஆனால் மடக்க முடியாத கால் ஒன்று ஹேண்டில்பாரைத் திருப்பும்போதெல்லாம் தடுக்கும். பாதம் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். பக்கவாட்டில் ஒரு தள்ளுவண்டி போலச் சேர்க்கலாம். நம் மேற்குச் சாலையில் மாட்டு வண்டிச் சக்கரம் பதிந்த தடங்கள் முழங்கை ஆழத்துக்கு இருக்கும். அதில் மூன்றாவது சக்கரம் இறங்கினால் கவிழ்ந்துவிடும். மிச்சம் இருந்தது பின்பக்கம். கேரியரின் மேல் நீளமான பிரம்புக் கூடை ஒன்றைப் பொருத்தி, அதில் குழந்தையைக் காலை நீட்டிப் படுக்க வைத்துவிட்டால் எதிலும் இடிக்காது.

பின்பக்கம் என்றதும் எனக்கு வேறொரு பயமும் இருந்தது. அதற்கு முந்திய வருஷம் தெற்கு வாசல் பக்கம் கேரியரில் உட்கார்ந்துபோன ஒரு சிறுவனின் குதிகால் சக்கரக் கம்பிகளுக்குள் போய்விட்டது. அந்த வண்டியைப் பழுது பார்க்க என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். வளைந்த கம்பிகளை நான்தான் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அதனால் கூடைக்குக் கீழே சக்கரத்தின் இரண்டு பக்கமும் எண்ணெய் டின்னை வெட்டி நிமிர்த்திய தகரத்தால் மறைப்பு வைத்தேன்.

ஒச்சுவின் வண்டி வாரத்துக்கு ஒரு நாள்தான் டவுனுக்கு வரும். அதற்குள் கடையில் இருந்த அதே மாதிரி வண்டி ஒன்றில் கூடையைக் கட்டிச் சரி பார்த்தேன். குழந்தைக்குப் பதிலாக என் மனைவி மைமூன் வாங்கி வைத்திருந்த பெரிய பூசணிக்காயைத் துணியில் பொதிந்து வைத்துக்கொண்டு காளவாசல் வரைக்கும் ஓட்டிப்போனேன். குண்டும் குழியும் பார்த்து வேண்டுமென்றே இறக்கினேன். திரும்பி வந்து பூசணிக்காயைத் தட்டிப் பார்த்தால் ஒரு கீறல் இல்லை. "பிள்ளை கணக்கா பத்திரமா வந்திருக்கு" என்று மைமூனிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே அதைச் சமைக்க எடுத்துப்போனாள்.

அடுத்த வாரம் ஒச்சு வந்தபோது அவர் மனைவி பேச்சியும் கூட வந்திருந்தாள். கூடையைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கரி பஸ்ஸில் நின்றபடியே வந்திருக்கிறாள். நான் கூடையைக் காட்டினேன். தகர மறைப்பைக் காட்டினேன். பூசணிக்காய் கதையையும் சொன்னேன். அவள் கூடையைச் சுற்றி வந்தாள். விளிம்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்கண்ணே. ஆனா பூசணிக்காய்க்கு அழத் தெரியாதுல்ல."

"அழுதா இவரு நிறுத்திப் பாத்துக்குவாரும்மா."

"அவ சத்தமா அழுகுற பிள்ள இல்லண்ணே. வலிச்சா மூஞ்சி ஒரு மாதிரி ஆகும். அதைப் பாத்துத்தான் நாங்களே தெரிஞ்சுக்குறது. அவுக முதுகுக்குப் பின்னாடி கெடந்தா யாரு பாக்குறது? விரலையும் பாக்கணும்ல."

"என்ன விரல்?"

அவள் கணவனைப் பார்த்தாள். "சொல்லலையா நீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. புதுக் கட்டுப் போட்ட அன்று காலின் விரல் நுனிகளை அடிக்கடி பார்க்க வேண்டும், அவை நிறம் மாறினாலோ சில்லிட்டுப் போனாலோ எந்நேரமானாலும் உடனே கொண்டுவர வேண்டும் என்று அந்த நர்சம்மா சொல்லியிருக்கிறார். அதை ஒச்சு என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சைக்கிள்காரனிடம் விரலைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

ஒரு வாரம் செய்த வேலையை ஒரு பெண் ஒரு பேச்சில் வேண்டாம் என்கிறாளே என்று முதலில் முகம் சுருங்கத்தான் செய்தது. மறைக்க மாட்டேன். ஆனால் அவள் சொன்னதில் மறுக்க ஒன்றும் இல்லை. "அப்ப எப்பிடி உக்கார வச்சா இவளுக்குத் தோதா இருக்கும்? நீயே காட்டும்மா" என்றேன்.

பேச்சி கடைக்குள் தரையில் உட்கார்ந்தாள். குழந்தையைத் தனக்கு எதிரே, சுவரோடு சாய்த்து உட்கார வைத்து, கட்டுப் போட்ட காலைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள். குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி அசையாமல் இருந்தது. "சோறு ஊட்டுறப்ப இப்பிடித்தாண்ணே. எம்புட்டு நேரம் வேணும்னாலும் இருப்பா."

நான் அளக்க ஆரம்பித்தேன், இந்த முறை குழந்தையை. அந்தக் காலத்து வண்டிகளுக்குக் குறுக்குக் கம்பி நல்ல நீளம். ஹேண்டில்பாரை ஒட்டி, ஆனால் அதைத் தொடாமல், கம்பியின் மேல் ஒரு சிறு பிரம்பு நாற்காலி. அதில் குழந்தை முன்சக்கரத்துக்கு முதுகைக் காட்டி, ஓட்டுபவரைப் பார்த்து உட்காரும். நாற்காலியிலிருந்து சீட்டுப் பக்கமாக ஒரு குறுகலான பலகை, மேலே இலவம்பஞ்சு வைத்துத் தைத்த மெத்தை. கட்டுப் போட்ட கால் அதன் மேல் நீண்டிருக்கும். மற்ற கால் தொங்காமல் இருக்க ஒரு துணிப் பை. இடுப்புக்கு ஒரு வார், காலுக்கு ஒரு வார். ஓட்டுபவரின் சீட்டை முடிந்தவரை பின்னுக்குத் தள்ளினேன். பக்கத்துத் தெருவில் பிரம்பு பின்னுகிறவர் நான் சொன்ன அளவில் நாற்காலியை முடைந்து தந்தார்.

பொருத்திய அன்று ஒச்சுவிடம் குறையையும் சொன்னேன். "முழங்காலை அகட்டித்தான் மிதிக்கணும். சீக்கிரம் அசந்து போவீங்க. வேகமாப் போக முடியாது."

"வேகமாப் போயி என்ன செய்யப் போறாரு" என்றாள் பேச்சி.

மேல வெளி வீதியில் ஒரு நடை ஓட்டிக் காட்டினார். குழந்தை முதலில் மிரண்டது. பிறகு எதிரே இருப்பது அப்பாதான் என்று தெரிந்ததும் கையை நீட்டி அவர் மீசையைப் பிடிக்கப் பார்த்தது.

அந்த நாற்காலி ஆஸ்பத்திரிக்கு முதல் முறை போனபோது மழைக்காலம். ஒச்சு காலையில் வந்து, புதுக் கட்டுப் போட்டுக்கொண்டு, மதியத்துக்கு மேல் என் கடை வழியாகத் திரும்பினார். செக்கானூரணியில் ஒரு வாத்தியாருக்குச் சேர்க்க வேண்டிய வண்டி ஒன்று என்னிடம் இருந்தது. நாற்காலி நெடுந்தூரத்தில் எப்படி இருக்கிறது என்றும் பார்க்கலாம் என்று அதில் ஏறி அவரோடு கிளம்பினேன்.

அச்சம்பத்து தாண்டி நாகமலை தெரியும் வரை ஒரு தொல்லையும் இல்லை. குழந்தை தூங்கிவிட்டது. புளியமரத்தடியில் தண்ணீர் குடிக்க நின்றோம். நாற்காலியைக் கம்பியோடு பிடித்திருந்த இரும்புப் பட்டைகளை நான் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒச்சு குழந்தையின் காலைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ராவுத்தரே, இங்க பாருங்க. கெளம்பும்போது இப்பிடி இல்ல."

கட்டுக்கு வெளியே தெரிந்த ஐந்து குட்டி விரல்களும் நாவல் பழ நிறத்தில் உப்பியிருந்தன. தொட்டேன். மழைத் தண்ணீரில் கிடந்த கல்லைப் போலச் சில்லென்று இருந்தன. நான் மாட்டிய வார்தான் இறுக்கிவிட்டதோ என்று அதை அவிழ்த்து எறிந்தேன். காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தோம். நிறம் மாறவில்லை. குழந்தை விழித்துக்கொண்டது. பேச்சி சொன்னது சரிதான். சத்தமே இல்லை. முகம் மட்டும் கோணியது.

அந்த இடத்தில் எங்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஊர் இன்னும் தூரம்தான், ஆனால் அங்கே கட்டு அவிழ்க்கத் தெரிந்த எலும்பு வைத்தியர் ஒருவர் இருந்தார். ஆஸ்பத்திரிக்குத் திரும்பலாம். எதிர்க்காற்று, மழை வேறு கூடிக்கொண்டிருந்தது, போய்ச் சேருவதற்குள் டாக்டர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். மூன்றாவது வழி என் பையிலேயே இருந்தது. தகரம் வெட்டுகிற கத்திரி.

அதைக் கையில் எடுத்தேன். ஒச்சு என் கையையே பார்த்தார். வெட்டச் சொன்னால் வெட்டியிருப்பேன், வேண்டாம் என்றால் விட்டிருப்பேன். அவர் எதுவும் சொல்லவில்லை. கட்டின் ஓரத்தில் கத்திரியின் நுனியை வைத்துப் பார்த்தேன். மாவு எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. நான் வாழ்நாளெல்லாம் வெட்டியது தகரம். அதற்கு வலிக்காது. கத்திரியைத் திரும்பப் பைக்குள் போட்டேன்.

தம்பிகளே, கையில் கருவி இருக்கும்போது அதை உள்ளே வைப்பது கஷ்டம். சும்மா நிற்பது போல இருக்கும். கோழை போலவும் இருக்கும். ஆனாலும் தெரியாத பொருளில் கை வைக்காதீர்கள்.

"எந்நேரமானாலும் வரச் சொன்னாங்களா, இல்ல காலையில வரச் சொன்னாங்களா? நல்லா ரோசிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டேன்.

"எந்நேரமானாலும்னுதான் சொல்லுச்சு. ரெண்டு தடவ சொல்லுச்சு."

"அப்பத் திரும்புங்க."

குழந்தையை என் வண்டிக்கு மாற்ற முடியாது. நாற்காலி அவர் வண்டியில் இருந்தது. நான் அதை ஓட்டுகிறேன் என்றேன். என்னைப் பார்த்ததும் குழந்தை திமிறியது. ஆகவே அவர்தான் மிதித்தாக வேண்டும். விடியலிலிருந்து மிதித்துக்கொண்டிருக்கும் மனிதர், முழங்காலை அகட்டி, வாடைக் காற்றுக்கு எதிரே. என் துண்டைச் சுருட்டிக் குழந்தையின் காலுக்குக் கீழே வைத்துப் பாதத்தை உயர்த்தினேன். பிறகு அவர் பக்கத்தில் என் வண்டியை ஓட்டிக்கொண்டு, இடது கையை அவர் முதுகில் வைத்துத் தள்ளினேன்.

"மாப்ள, நீ பிள்ளையப் பாத்து மிதி. ரோட்ட நான் பாத்துக்கிறேன்." அதுவரை அவரை அப்படி அழைத்ததில்லை. எப்படி வாயில் வந்தது என்று தெரியாது.

மழை முகத்தில் அடித்தது. ஒச்சு குனிந்து தன் உடம்பால் குழந்தையை மறைத்துக்கொண்டு மிதித்தார். வாய் ஓயாமல் அவளோடு பேசினார். "வெள்ளாடு குட்டி போட்டுச்சுல்ல, என்ன பேரு வைப்பம்? நீ சொல்லு. கருப்பின்னு வைப்பமா? வேணாமா? அப்ப நீயே ஒண்ணு சொல்லு." அவர் மூச்சு இரைப்பது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. குரலில் அதைக் காட்டவில்லை. அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் ஒரு பஸ் வந்து எங்களைக் கடந்தது. கை காட்டி நிறுத்தலாமா என்று ஒச்சு என்னைப் பார்த்தார். உள்ளே நிற்க இடமில்லை. மறுபடி யாராவது மூட்டையை வைத்தால் என்ன ஆவது? வேண்டாம் என்று தலையசைத்தேன். அப்படிச் சொன்ன பிறகு என் மனம் அடித்துக்கொண்டது. நான் தவறாகச் சொல்லியிருந்தால்? கொஞ்ச தூரம் போனதும் ஏற்றத்தில் அதே பஸ் நின்றுகொண்டிருந்தது. ஆட்கள் நனைந்தபடி தள்ளிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அதைத் தாண்டிப் போனோம். அல்லாஹ்வுக்கு அப்போது ஒரு முறை நன்றி சொன்னேன்.

ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரர் தடுத்தார். "டாக்டரம்மா போயிட்டாங்க. காலையில வாங்க."

ஒச்சு வாதாடவில்லை. குழந்தையைத் தூக்கி அந்த ஐந்து விரல்களை அவர் கண்ணுக்கு நேரே காட்டினார். காவல்காரர் ஒரு கணம் பார்த்தார். பிறகு குடையைக்கூட எடுக்காமல் உள்ளே ஓடினார்.

நர்சம்மா வீட்டுக்குக் கிளம்பிக் கையில் பையோடு வந்தார். பையை அங்கேயே ஈரத் தரையில் வைத்துவிட்டுக் குழந்தையின் கட்டை விரல் நகத்தை அழுத்திப் பார்த்தார். எங்களை ஒரு கேள்வி கேட்கவில்லை. உள்ளே கொண்டுபோய் மேசையில் கிடத்தி, பெரிய கத்திரியால் தொடையிலிருந்து கீழே வெட்டிக்கொண்டே வந்தார். ஒரு கை வெட்டியது. இன்னொரு கை கட்டுக்கும் தோலுக்கும் நடுவில் முன்னால் நகர்ந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் புளியமரத்தடியில் நான் என்ன செய்யப் போனேன் என்பது எனக்கு உறைத்தது.

கட்டு இரண்டாகப் பிளந்தது. உள்ளே கால் வீங்கி, துணியின் மடிப்புத் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. நர்சம்மா பாதத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். முதலில் விரல்கள் வெளுத்தன. பிறகு சுண்டு விரலில் லேசாகச் சிவப்பு வந்தது. ஒவ்வொன்றாக மற்றவற்றிலும் வந்தது. அழகம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குதுப்பா" என்றாள்.

ஒச்சு தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் மாட்டுன வாராலயாம்மா?" என்று நர்சம்மாவிடம் கேட்டேன். அதைக் கேட்காமல் வீட்டுக்குப் போக முடியாது.

"இல்லைங்க. காலைத் திருப்பிக் கட்டின பிறகு சில சமயம் உள்ளே வீங்கிடும். கட்டு அப்படியே இருக்கும், கால் பெருத்துடும். இது யார் தப்பும் இல்லை. ராத்திரி முழுக்க இப்படியே விட்டிருந்தா காலையில நான் உங்ககிட்ட வேற மாதிரிப் பேச வேண்டியிருந்திருக்கும்." பிறகு ஒச்சுவைப் பார்த்தார். "எப்படிங்க கவனிச்சீங்க? எல்லாரும் பிள்ளையைத் துணியில பொதிஞ்சு தோள்ல சாய்ச்சுக்கிட்டுப் போயிடுவாங்க. வீட்டுக்குப் போயித்தான் பார்ப்பாங்க."

"கண்ணுக்கு நேராத்தானே கால் இருந்துச்சு" என்றார் ஒச்சு.

நர்சம்மாவுக்குப் புரியவில்லை. நான் நாற்காலியைப் பற்றிச் சொன்னேன். அவர் குடையை விரித்துக்கொண்டு வெளியே வந்து, மழையில் நின்ற வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பலகையை அழுத்தினார். "இந்தக் கடைசிப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திடுங்க. பாதம் மேலே இருக்கணும். துண்டு வைக்க வேண்டியிருக்காது" என்றார். "இங்கே வர்ற வேற பிள்ளைகளுக்கும் செஞ்சு தருவீங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான் அவர் என்னிடம் பேசியது. தரையில் கிடந்த பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று அவர் எப்போது வீட்டுக்குப் போனாரோ தெரியாது.

மேற்கே போகிற கடைசி பஸ்ஸின் கண்டக்டரிடம் ஊருக்குச் சேதி சொல்லி அனுப்பினோம். மறுநாள் முதல் பஸ்ஸில் பேச்சி வந்து இறங்கினாள். அழகம்மாவின் விரல்களைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவள் கூடையை வேண்டாம் என்று சொல்லாமல் இருந்திருந்தால் எங்கள் யாருக்கும் தெரிந்திருக்காது என்று அவளிடம் சொன்னேன்.

"நான் அம்புட்டு நெனச்சாண்ணே சொன்னேன்? அவ பயந்துக்குவாளேன்னுதான் முக்காவாசி சொன்னேன்" என்றாள்.

அதற்குப் பிறகு நர்சம்மா அனுப்பியதாகச் சொல்லிக்கொண்டு பலர் வந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வராதவர்களும் கேள்விப்பட்டு வந்தார்கள். எல்லோருக்கும் அதே நாற்காலியைச் செய்து கொடுக்கவில்லை. பசுமலையிலிருந்து ஒரு வாத்தியார் இரண்டு பிள்ளைகளோடு வந்தார். இருவருக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அடித்துக்கொள்வார்கள், அதுதான் அவர் கஷ்டம். ஒருத்தியை முன்னாலும் ஒருவனைப் பின்னாலும் வைத்தேன். பின்னால் இருந்தவனுக்குச் சாய்மானமும் கால் பையும் தகர மறைப்பும் போட்டேன். முதலில் செய்த பிரம்புக் கூடையை அவனுக்காக வெட்டிச் சுருக்கிப் பயன்படுத்திக்கொண்டேன். சோழவந்தானிலிருந்து வந்த ஒரு இளந்தம்பதியை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினேன். அவர்கள் குழந்தைக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை. "உங்க ஊருக்கு ரயில் இருக்கு. மடியில வச்சுக்கிட்டு ரயில்ல போங்க. பிள்ளை தானா நிமிர்ந்து உக்காரட்டும், அப்ப வாங்க" என்றேன். அந்தத் தகப்பனுக்குக் கோபம். அந்தத் தாய் மட்டும் போகும்போது திரும்பிப் பார்த்துத் தலையசைத்தாள். வேலையை ஒப்புக்கொள்ளாமல் விடுவதும் நம் வேலைதான் என்பதை அதற்குள் நான் தெரிந்துகொண்டிருந்தேன்.

ஒவ்வொருவர் வரும்போதும் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்துக் கேட்பேன். மழைக்கு ஒதுங்கியவர்களைப் போல வந்து, வீட்டுக் கதையெல்லாம் சொல்லிவிட்டுப் போவார்கள். அவ்வளவு பேர் தங்கள் பிள்ளைகளை நம்பி என் கையில் கொடுத்தார்கள். ஒரு சைக்கிள் கடைக்காரனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஒச்சுவும் அழகம்மாவும் வெகு காலம் வாரா வாரம் வந்தார்கள். பிறகு மாதம் ஒரு முறை ஆனது. கட்டுகள் போய், தோல் பூட்ஸ் வந்தது. ஒரு நாள் மூன்று பேரும் கடைக்கு வந்தார்கள். ஒச்சு வண்டியை நிறுத்தி, "கழட்டிருங்க ராவுத்தரே. இனி தேவப்படாதாம்" என்றார்.

பேச்சி மகளைத் தரையில் இறக்கிவிட்டாள். அழகம்மா கடைக்குள் நடந்தாள். ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்து, பூட்ஸ் டக் டக்கென்று சத்தம் போட, இரண்டு உள்ளங்கால்களும் தரையில் முழுசாகப் பதிய நடந்தாள். தொங்கவிட்டிருந்த டயர்களைத் தொட்டாள். என் பம்பைத் தள்ளிவிட்டாள். யாரும் அவளை அதட்டவில்லை. வாசலில் தன் வண்டிக்காகக் காத்திருந்த ஒருவர், "பாய், எனக்கு நேரமாகுது" என்றார். அவருக்கு நான் பதில் சொன்னேனா என்று நினைவில்லை.

உட்கார்ந்து நட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தேன். மழையும் வெயிலும் பட்டு அவை துருப்பிடித்திருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அன்று அந்த வேலைக்கு வெகு நேரம் பிடித்தது. கடைசிப் பட்டையைக் கழற்றி நாற்காலியை எடுத்து ஓரமாக வைத்தபோது, அழகம்மா அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, "ஏத்திவிடுப்பா" என்றாள்.

ஒச்சு தோளில் கிடந்த துண்டை எடுத்துக் குறுக்குக் கம்பியில் சுற்றினார்.